கொடியும் படைவீரரும்: மலாயாவின் இந்திய தேசிய இராணுவத்தினர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் கொடியை ஏற்றுதல், இறக்குதல், அதற்கு வணக்கம் செலுத்துதல் ஆகியவற்றுக்குரிய ஒழுங்குமுறையைக் கொடி மரபு என்கிறோம். அக்கொடியின்கீழ்ப் பணியாற்றித் திரும்பியோருக்கு ஓய்வூதியம், மருத்துவம், மறுவாழ்வு ஆகியவற்றை அளிக்கும் பொறுப்பு முன்னாள் படைவீரர் நலம் எனப்படுகிறது. இவ்விரண்டையும் இருவேறு துறைகளாகக் கருதுவதே வழக்கம். எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. அரசு தனக்குரிய மதிப்பைக் கொடியின் வாயிலாகப் பெறுகிறது. தான் பட்ட கடனைப் படைவீரரிடத்துத் தீர்க்கிறது. படையும் இருந்து, கொடியும் இருந்து, அரசு மட்டும் இல்லாது போயின் அப்படையினரின் கதி என்ன? இவ்வினாவை, மலாயாவிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படையும் அதன் கொடியும்

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரு நாள்களுக்குப் பின்னர்ப் பேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க் கைதிகள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களைக் கொண்டு மோகன் சிங் தலைமையில் அமைந்த முதல் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலை 4ஆம் நாள் கேத்தே அரங்கில் ராஷ் பிகாரி போஸிடமிருந்து இயக்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸ் ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படை அணிவகுப்பு நடைபெற்றது. அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது; அதற்கு அடுத்த நாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது.

இப்படையில் இருதரத்தார் இருந்தனர் என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். ஒருசாரார் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் முன்னரே பணியாற்றிய தொழில்முறைப் படையினர். மற்றொரு சாரார் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த குடிமக்கள். தோட்டத் தொழிலாளர், எழுத்தர், ஆசிரியர் எனப் பல நிலைகளிலிருந்து வந்த இவர்களுள் தமிழரே பெரும்பான்மையினர். நாட்டுப்பற்று, தன்மான உணர்வு, சயாம் மரண இரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்படுவோம் என்னும் அச்சம் எனப் பல காரணங்கள் இவர்களைப் படைக்கு ஈர்த்தன. இக்காரணங்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

இப்படை வணங்கிய கொடி, 1931இல் இந்திய தேசியக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட இராட்டை பொறித்த மூவர்ணக் கொடியாகும். இன்று பல வெளியீடுகளில் இடம்பெறும் பாயும் புலிக் கொடி, ஜெர்மனியில் அமைக்கப்பட்ட இந்தியப் படைப்பிரிவோடு தொடர்புடையது. 1943 டிசம்பர் 30ஆம் நாள் அந்தமானின் போர்ட் பிளேரிலும், 1944 ஏப்ரலில் மணிப்பூரின் மொய்ராங்கிலும் மூவர்ணக் கொடி ஏற்றப்பட்டது.

தோட்டப்புறத் தமிழனுக்கு இக்கொடி வணக்கம் தந்த அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட இயலாது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய சூழலில் வளர்ந்தவன், முதன்முறையாக ஒரு மனிதனுக்கன்றி ஒரு கொடிக்கு நிமிர்ந்து நின்று வணக்கம் செலுத்தினான். சாதி, மொழி, சமய வேறுபாடின்றி ஒரே வரிசையில் நிற்கும் பழக்கமும் அங்கு வாய்த்தது. எனினும் அக்கொடி ஜப்பானியக் கொடியின் நிழலிலேயே பறந்தது என்பதையும் மறத்தலாகாது. ஜப்பானியர் நிகழ்த்திய படுகொலைகளுக்குத் தம் உற்றாரைப் பறிகொடுத்த சீனர்களுக்கும், சயாமில் மாண்ட தமிழர்தம் குடும்பங்களுக்கும் அக்காலத்தின் கொடிகள் வேறு பொருள் தந்திருத்தல் இயல்பே.

போருக்குப் பிந்திய நிலை

1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச் சின்னத்திற்குப் போஸ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்தரும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அச்சின்னம் தகர்க்கப்பட்டது. 1946 மார்ச்சில் நேரு சிங்கப்பூர் வந்தபோது, அவ்விடத்தில் அதிகாரமுறையாக மலர்வளையம் வைக்க வேண்டாமென மவுண்ட்பேட்டன் அவரைக் கேட்டுக்கொண்டார். கொடிக்கும் நினைவுக்கும் உரிய மரியாதையை ஓர் அரசு எத்துணைக் கூர்ந்து கவனிக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். ஐம்பது ஆண்டுகள் கழிந்து 1995இல்தான் சிங்கப்பூர் அரசு அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல்லை நிறுவியது.

கைதான படையினரைப் பிரிட்டிஷ் உளவுத்துறையினர் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூவகைப்படுத்தினர். ‘கறுப்பு’ எனக் குறிக்கப்பட்டோர் பணியிலிருந்து நீக்கப்பட்டு நிலுவை ஊதியத்தையும் இழந்தனர். 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் தொடங்கிய வழக்கு இந்தியா முழுதும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. ஆயினும் விடுதலை பெற்ற இந்தியா இவர்களைத் தன் இராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

மலாயாவில் சேர்ந்த குடிமக்களின் நிலையோ முற்றிலும் வேறு. அவர்களுக்கு இழப்பதற்கு ஓய்வூதியமும் இல்லை. அவர்தம் பெயரைத் தாங்கிய பழைய படைப் பதிவேடும் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் வழக்கு விசாரணையின்றி விடுவிக்கப்பட்டனர். விடுவிக்கப்பட்டனர் என்பதன் பொருள், யாருடைய பொறுப்பிலும் இல்லாதவராக லயங்களுக்குத் திரும்பினர் என்பதேயாகும். குற்றவாளி எனப் பதிவு செய்யப்பட்டவனுக்கு ஒரு கோப்பேனும் எஞ்சியது; இவர்களுக்கு அதுவும் எஞ்சவில்லை.

உள்ளூர் ஆதரவு

அரசு அளிக்காத ஆதரவைச் சமூகம் தன்னால் இயன்ற அளவில் அளித்தது. 1946இல் இந்திய தேசியக் காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழு, போரினால் நலிந்திருந்த மலாயா இந்தியரிடையே பணியாற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, போஸின் இயக்கத்தில் பங்கேற்றுப் போருக்குப் பின் பிரிட்டிஷாரால் தடுத்து வைக்கப்பட்டவர். கெடா மாநிலத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் உருவான தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்தது. சீருடை, அணிவகுப்பு, கட்டுப்பாடு ஆகியவற்றில் இந்திய தேசிய இராணுவத்தின் தாக்கம் அதனிடம் வெளிப்பட்டது. 1947இல் அது ஒடுக்கப்பட்டது.

இவ்வமைப்புகள் எவையும் முன்னாள் படைவீரர் நலத்திற்கென்றே தோன்றியவை அல்ல. எனினும் ஒன்றாகப் பயின்றவர்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் வாயிலாக இவை அமைந்தன எனக் கருத இடமுண்டு. பின்னாளில் தனித்துப் புகழ் பெற்றோரும் இவ்வழியில் வந்தவரே. ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதே படையில் இளவயதில் சேர்ந்த இராசம்மா பூபாலன், பின்னர் ஆசிரியராகிப் பெண் ஆசிரியர்களின் சம ஊதியத்திற்குக் குரல் கொடுத்தார். தலைவர்களின் பெயர்கள் இவ்வாறு நிலைபெற்றன. பால்மரக் காட்டிலிருந்து சென்று திரும்பிய ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் நிலைபெறவில்லை.

சான்று என்னும் தடை

1972இல், விடுதலையின் வெள்ளிவிழாவையொட்டி, இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. 1980இல் அது விரிவாக்கப்பட்டு, உதவி என்னும் நிலையிலிருந்து மதிப்பூதியம் என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டது. இந்திய தேசிய இராணுவத்தினரும் அதனுள் இடம்பெற்றனர். ஆனால் சிறையிருந்தமைக்கு அரசுப் பதிவேடோ உடன் சிறைப்பட்டோரின் சான்றிதழோ காட்டப்பட வேண்டியிருந்தது. பதிவேடே இல்லாது போனவர்களுக்கு, உடன் இருந்தோரும் கடல் கடந்தோ காலமாகியோ போனவர்களுக்கு, இந்நிபந்தனை எத்தகைய சுவராய் நின்றிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

கொடிக்கோ இத்தகைய சான்று தேவைப்படவில்லை. 1947 ஜூலை 22ஆம் நாள் இந்திய அரசியல் நிர்ணய சபை, இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரத்தை அமைத்து மூவர்ணக் கொடியைத் தேசியக் கொடியாக ஏற்றது. அவர்கள் வணங்கிய கொடி சிறு மாற்றத்துடன் ஓர் அரசின் கொடியாயிற்று. வணங்கியவர்களுள் மலாயாவில் தங்கியோர் பிறிதோர் அரசின் குடிமக்களாயினர்.

சட்டமும் கொடி மரபும்

இப்பிளவைச் சட்டமும் உறுதிப்படுத்தியது. சீனாவில் பொதுவுடைமையினர் வென்ற 1949ஆம் ஆண்டில், அவசரகாலச் சூழலில், பொது இடங்களிலும் பள்ளிகளிலும் தேசியச் சின்னங்களைக் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இயற்றப்பட்டது. அதன் வழிவந்த சட்டங்கள் இரு நாடுகளிலும் இன்றும் நடைமுறையில் உள்ளன. மறு ஆண்டிலேயே மலாயாக் கூட்டரசு தனக்கெனக் கொடி ஒன்றைப் பெற்றது. பதினொரு கோடுகளைக் கொண்டிருந்த அக்கொடி, 1963இல் மலேசியா உருவானபோது பதினான்கு கோடுகளைப் பெற்றது. 1997 முதல் ஜாலூர் கெமிலாங் என்னும் பெயரால் வழங்குகிறது. பல அரசுகளின்பால் பிரிந்திருந்த பற்றினை ஒரு கொடியின்கீழ்க் கொணர்தல் புதிய நாட்டிற்குத் தேவையாக இருந்தது. அதனைக் குறை கூறுதல் நம் கருத்தன்று.

எனினும் ஒரு நடைமுறை வினா எழுகிறது. இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய மலேசியக் குடிமகன் ஒருவர் மறைந்தால், அவர்தம் உடல்மீது எக்கொடியைப் போர்த்துவது? 2002இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, அரசு மரியாதையுடனும் படை மரியாதையுடனும் நிகழும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே கொடி போர்த்த இடமளிக்கிறது. காவி நிறப்பகுதி தலைப்புறம் அமைய வேண்டும், கொடியைப் புதைத்தலோ எரித்தலோ கூடாது எனவும் விதிக்கிறது. அவ்விதியின்கீழ் இவர் வாரார். ஜாலூர் கெமிலாங்கின் படையில் இவர் பணியாற்றவில்லை. இவர் உண்மையில் வணங்கிய இராட்டைக் கொடியோ இன்று எவ்வரசின் கொடியும் அன்று. அதற்கென விதித்தொகுப்பும் இல்லை.

மலேசியாவில் இன்று கொடியும் கடனும் ஓரரசின் கையில் இணைந்துள்ளன. தேசிய நினைவுச் சின்னத்தின் உச்சியில் வீரர் ஒருவர் கொடியேந்தி நிற்கிறார். முன்னாள் படைவீரர் நலத்திற்கெனத் தற்காப்பு அமைச்சின்கீழ்த் தனித் துறை இயங்குகிறது. 2012ஆம் ஆண்டின் படைவீரர் சட்டம் அதற்கு வலுவூட்டுகிறது. மலேசிய ஆயுதப் படையில் பணியாற்றிய இந்தியரும் இம்முறைமையின் பயனுக்கு உரியர். 1945இல் லயத்திற்குத் திரும்பியவருக்கு இல்லாதிருந்தது எது என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்குகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து இரு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கொடிக்குச் செய்யும் மரியாதையும் படைவீரருக்குச் செய்யும் கடமையும் ஓரரசின் இரு முகங்கள். அரசு மறைந்தால் கொடி வேறோர் அரசிடம் சென்று சேரும், வீரர் சேரார். இரண்டாவது, உதவி பெறுவதற்கும் நினைக்கப்படுவதற்கும் இடையூறாக நின்றது நன்றியின்மை மட்டுமன்று; பதிவின்மையும் ஆகும்.

முதலாவதை மாற்றுதல் நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில் உள்ளது. அத்தலைமுறையினருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆயின் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ளனர். பழைய நிழற்படம், கடிதம், வீட்டில் வழங்கும் ஒரு பெயர் ஆகியவற்றைத் திரட்டித் தோட்டவாரியாகப் பதிவு செய்யும் பணியைத் தமிழாசிரியர்கள் மாணவர்களின் ஒப்படைப்பாகவே மேற்கொள்ளலாம். ஓய்வூதியம் வழங்கும் காலம் கடந்துவிட்டது. பெயரைப் பதிவதற்குரிய காலம் இன்னும் சிறிது எஞ்சியுள்ளது.