துருத்தி முதல், கத்தி கடைசி

அமெரிக்காவில் பொழுதுபோக்காக இரும்படிக்கப் பழகுகிறவர்கள் உலை மூட்டிய கையோடு அடித்துப் பார்க்க நினைப்பது பெரும்பாலும் கத்தியைத்தான். தேய்ந்த அரமோ, பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டையோ கிடைத்தால் போதும். வளைந்து நெளிந்து எப்படி வந்தாலும் சரி, அந்த முதல் கத்தியை விற்க மனம் வராது. சுவரில் மாட்டி வைப்பார்கள்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் வரிசை தலைகீழ். பையன் முதலில் துருத்திக்கு உட்காருவான். காற்றின் அளவும் கரியின் குணமும் பிடிபட்ட பிறகு கைக்கு வருவது சம்மட்டி. ஆணி, கொக்கி, சங்கிலிக் கண்ணி, ஏர்க்கொழு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, அரிவாளுக்கு வாய் தீட்டித் தோய்ச்சல் போடுவதை அப்பன் கடைசியில்தான் விட்டுக்கொடுப்பார். தோய்ச்சல் தப்பினால் கெடுவது ஒரு அரிவாள் அல்ல, பட்டறையின் பெயர். சம்மட்டி வீச ஆள் கிடைக்காத வீடுகளில் பெண்களே எதிரில் நின்று அடித்திருக்கிறார்கள், இன்றும் அடிக்கிறார்கள். தொழிலின் வரலாற்றில் அவர்கள் பெயர்தான் எங்கும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடல் கடந்த அந்தப் பொழுதுபோக்குக் கொல்லர்கள் கனவு காணும் எஃகு இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தது. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்த மூசை எஃகைப் (களிமண் குகையில் உருக்கிய எஃகைப்) பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். லண்டனில் கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதன் கூர்மையில் மயங்கினார். கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-இல் அதைப் பகுத்துப் பார்த்து, சிலிக்காவும் அலுமினாவும்தான் ரகசியம் என்று தவறாக முடிவு செய்தார். ஆனால் அந்தத் தவறைத் துரத்திக்கொண்டு அவரும் ஸ்டோடார்டும் செய்த கலப்பு எஃகுச் சோதனைகள் தனி வரலாறாயின.

இங்கிலாந்துக் கொல்லர்களுக்கு வூட்ஸ் எளிதில் வசப்படவில்லை. வெண்சூட்டில் வைத்து அடித்தால் உதிர்ந்தது. கரிமம் சுமார் 1.5 சதவீதம் உள்ள எஃகு அது. செந்நிறத்தைத் தாண்டவிடாமல், பொறுமையாகத் தட்டித்தான் நீட்ட வேண்டும்.

வூட்ஸை உருக்கிய முறையைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பைத் துண்டுகளாக்கிக் களிமண் மூசையில் வைத்து, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, மேலே பச்சை எருக்கிலையை மூடிக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம்போலத் துருத்தி ஊதினால் இரும்பு கரிமத்தைக் குடித்து உருகி எஃகுக் கட்டியாக இறங்கும். ஆவாரையும் எருக்கும் பெரம்பலூர்ச் சாலையோரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத செடிகள். பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் இத்தகைய மூசை ஓடுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் கண்டு வெளியிட்டார். பெரம்பலூரின் வட எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான்.

ஹீத்தின் கதையே ஒரு நாவலுக்கு ஆகும். உள்ளூர் முறையைப் போற்றி எழுதியவர், 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய பாணியில் பெரிய இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்துப் பக்கத்திலிருந்து காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசல்களில் வந்தது. கொள்ளிடம்தான் இன்றைய அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை. ஆலை காட்டுக்கரியை விழுங்கியதே தவிர, லாபம் காட்டவில்லை. ஹீத் ஷெஃபீல்டு போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அதில் மற்றவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். அவரோ பலன் காணாமலே 1851-இல் செத்தார். ஷெஃபீல்டு எஃகு கப்பலில் வந்து இறங்க இறங்க, இங்கே மூசை உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, இந்த எஃகை மறுபடி கிளறியதில் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் பங்குண்டு. மேரிலாண்டைச் சேர்ந்த பில் மோரன் 1973-இல், அடுக்கடுக்காகப் பற்றவைத்த ‘டமாஸ்கஸ்’ கத்திகளைக் கண்காட்சியில் வைத்தார். 1976-இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் உருவானது. அங்கே தேர்வு வைக்கிறார்கள்: ஒரு அங்குலக் கயிறு தொங்கும், ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், கட்டையை வெட்டிப் பிளக்க வேண்டும், அதற்குப் பிறகும் கை ரோமத்தை மழிக்க வேண்டும், கடைசியில் கத்தியை இடுக்கியில் மாட்டித் தொண்ணூறு பாகை வளைக்க வேண்டும், ஒடியக்கூடாது. மோரன் செய்தது வூட்ஸ் அல்ல, இரண்டு வகை எஃகின் அடுக்கு. வூட்ஸ் கத்தியின் மேல் நீரோட்டம்போல ஓடும் வரியை மீட்டவர், ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெர்ஹோவனோடு சேர்ந்து அவர் 1998-இல் வெளியிட்ட கட்டுரை, தாதிலிருந்து வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் துளியூண்டு கலந்திருந்தால்தான் அந்த வரி விழும் என்றது. அந்தத் தாது தீர்ந்தபோது, கொல்லனுக்குக் கை மறக்காமலேயே வரி மறைந்திருக்கலாம் என்பது அவர்களின் ஊகம்.

நியாயமான ஊகம்தான். ஏனென்றால் இங்கே உருக்கியவர் வேறு, அடித்தவர் வேறு. உருக்குகிறவர் போனார், அடிக்கிறவர் கிடைத்த இரும்பை அடித்துக்கொண்டு நின்றார்.

அவர் நின்ற காலம் நீளமானது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் கூரை ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் கிடைத்தன. சோழர் அரண்மனைக் கூரையைத் தாங்கிய ஆணிகளை அடித்த கைக்குப் பெயர் இல்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரியையும் சேர்த்துச் சொல்கின்றன. ஊர் என்றால் கொல்லருக்கு ஒரு மூலை உண்டு என்பதே அதன் பொருள்.

அரியலூரும் உடையார்பாளையமும் பாளையங்களாக இருந்தபோது ஏர்க்கொழு அடித்தவரே ஈட்டி முனையும் அடித்திருப்பார். 1765-இல் ஆற்காட்டு நவாபின் படை ஆங்கிலேயர் துணையோடு இரண்டையும் பிடித்தது. படை போனால் ஆயுத வேலையும் போகும். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையை 1860-களில் கலைத்தபோது, நல்லவை சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போக, மிச்சம் பழைய இரும்பாக உடைபட்டது. 1878-இன் ஆயுதச் சட்டம் கதவை முழுதாகச் சாத்தியது. பட்டறைக்கு மிஞ்சியது உழவு, அறுப்பு, மரவேலை.

இன்று இந்த இரண்டு மாவட்டங்களில் நல்ல எஃகு வருவது லாரியிலிருந்து. சுண்ணாம்புக்கல்லை நம்பி வந்த சிமென்ட் ஆலைகள் அரியலூரை லாரி ஊராக்கிவிட்டன. அவற்றில் அரசு ஆலை 1979-இலிருந்து ஓடுகிறது. பாரம் தாங்கித் தளர்ந்த ஸ்பிரிங் பட்டை காயலான் கடை வழியாகப் பட்டறைக்கு வந்தால், அது 0.6 சதவீதம்போலக் கரிமம் உள்ள எஃகு. அரிவாளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

பட்டறை எப்போதும் நிழலில்தான் இருக்கும். வெயிலுக்குப் பயந்து அல்ல. இருட்டில்தான் இரும்பின் நிறம் கண்ணுக்குத் தெரியும். பொழுதுபோக்குக் கொல்லர் சூட்டை அறியக் காந்தத்தைக் காட்டுவார். 770 பாகையை ஒட்டி இரும்பு காந்தத்தை விட்டுவிடும். கொல்லருக்குக் கண் போதும். வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, சட்டென்று கல்லில் தேய்த்து வெளுப்பாக்கிப் பார்ப்பார். முதுகில் மிஞ்சிய சூடு வாய்ப் பக்கம் நகரும்போது வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஓடி வரும். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் சிலும்பும். ஊதாவுக்கு விட்டால் கட்டை வெட்டத் தாங்கும். வேண்டிய நிறம் வந்த நொடியில் முழுதாகத் தண்ணீரில் முக்க வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பையன் அத்தனை வருஷம் துருத்தி ஊதியது.

நெல்லறுக்கும் கருக்கரிவாளை அறுவடை எந்திரம் தின்றுவிட்டது. உளி மட்டும் தப்பிக்கலாம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை மரத்தில் சாமி முகம் எடுக்கிற உளி கடையில் வாங்குவதாக இருந்தாலும், முனை மழுங்கினால் உலைக்குத்தான் போக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் ஒரு இளைஞர் ஆசைக்குக் கத்தி அடிக்க நினைத்தால் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுத விதிகள் ஆயுதமாகவே கருதுகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானது என்றால் விலக்கு. 2021 செப்டம்பரில் ரவுடிகள் மீது நடவடிக்கை எடுத்த தமிழகக் காவல்துறை, வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளுக்குச் சொன்னது. வெட்டியவன் யாரோ, சந்தேகம் மட்டும் உலைக்காரர் வாசலில் முதலில் வந்து நிற்கிறது.

ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லர் தொழிலும் உண்டு. குலத்தொழிலுக்கே பிள்ளைகளைத் தள்ளும் என்று அதை மறுத்த தமிழக அரசு, 25 தொழில்களோடு கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீத மானியம். எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாநில அரசின் திட்டத்தில் சேரக் குறைந்தபட்ச வயது 35. தொழில் குடும்பத்திலும் பிறக்காமல், 35 வயதும் ஆகாமல், உலை முன் உட்கார ஆசைப்படும் இருபது வயதுக்காரருக்கு இரண்டிலும் இடமில்லை. அரும்பாவூரிலோ அரியலூரிலோ அவருக்காக ஒரு பயிற்சி உலையை அரசு மூட்டலாம். அதற்கு வேண்டிய லாரிப் பட்டையும் கரியும் ஆசிரியரும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.