புலமைப்பரிசிற் போட்டியும் நியாயமும்

பொன்னம்பலம் அருணாசலம் 1870 இல் அரசினர் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக்குச் சென்றார். அவரது திறமையை ஐயுறுவார் இலர்; புள்ளியிட்டோரைக் குறைகூறவும் இடமில்லை. எனினும், அப்போட்டி ஆங்கிலத்தில் நடந்தது. கட்டணஞ் செலுத்தி ஆங்கிலம் பயின்றோரே அதிற் பங்குபற்ற முடிந்தது. சுயமொழிப் பாடசாலை மாணவன் எத்துணைக் கூர்மதியினனாயினும் பரீட்சை மண்டபத்தை அணுகவும் இயலாதிருந்தான். எழுபதாண்டுகளுக்கு மேலாக இந்நிலை பெரிதும் மாறவில்லை என்பது வியப்பிற்குரியது.

கல்வியமைச்சர் கன்னங்கர காலத்திலேயே, 1940களில், ஐந்தாம் வகுப்பினர் தாய்மொழியில் எழுதும் பரீட்சை ஏற்பட்டது. சித்தியெய்திய ஏழை மாணவர்க்கு மத்திய கல்லூரிகளில் விடுதியும் உணவும் கிடைத்தன. 1945 ஒக்டோபரில் பெரும்பாலான பாடசாலைகளிற் கட்டணமும் நீங்கிற்று. ஆயினும், போதிய ஆசிரியரற்ற கிராமத்துச் சிறுவனும் நகரத்துச் சிறுவனும் பத்து வயதில் ஒரே வினாத்தாளுக்கே விடையெழுதினர்.