மதிலும் அறையும்

சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த மானிடவியலாளர் பிரான்சிஸ் ஹ்சூ இரு சமூகங்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதிய நூலில் என்னை நிறுத்தியது வீட்டைப் பற்றிய பகுதி. சீன வீட்டைச் சுற்றி உயர்ந்த மதில்; உள்ளே யாருக்கும் தனிமை இல்லை. அமெரிக்க வீட்டுக்கு மதில் கிடையாது. உள்ளே ஆளுக்கொரு அறை, பிள்ளையின் அறையில் பெற்றோருக்குக்கூட உரிமை குறைவு.

ஒப்பீட்டை ஏற்கிறேன். அதோடு சரித்திரமும் சேர வேண்டும். 1875-ன் சட்டம் ஒன்று சீனப் பெண்களின் வரவை அநேகமாக நிறுத்தியது. 1882-ல் தொழிலாளிகளும் தடுக்கப்பட்டனர். அங்கிருந்த சீனர்களில் பெரும்பாலோர் குடும்பத்தைக் குவாங்துங் கிராமங்களில் விட்டுப் பணம் அனுப்பி வாழ்ந்தார்கள். 1906-ல் சான் பிரான்சிஸ்கோ தீயில் பதிவேடுகள் எரிந்தபின், பலர் தாம் அமெரிக்காவிலேயே பிறந்ததாகச் சொல்லி, பிறர் பிள்ளைகளைக் காகிதத்தில் தம் மகன்களாக்கினார்கள். 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் அந்தப் பையன்களுக்கு விசாரணை: ஊரில் உன் வீட்டுக்கு எத்தனை ஜன்னல்? அடுத்த வீட்டில் யார்? வாழாத வீட்டை அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். 1943-ல் தடை நீங்கியது; ஆண்டுக்கு 105 பேர்.

கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, சீனரின் குடும்பப் பற்றைப் பற்றி யார் எழுதினாலும் எனக்கு அந்தப் பையன்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.