டெயிலெண்டருக்கு ஸ்ட்ரைக் கொடுக்கலாமா? சேப்பாக்கத்தில் ரவி சாஸ்திரி எடுத்த அந்த ஒரு சிங்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் எந்தக் காலி மைதானத்தைத் தாண்டிப் போனாலும் ஒரு டென்னிஸ் பால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி ஓவர் நெருங்கினால் பவுண்டரிக்கு வெளியே இருந்து ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: "சிங்கிள் வேணாம்டா, நீயே நில்லு!" எதிர்முனையில் நிற்பவர் கடைசி ஆளாக பேட் பிடிக்க வந்தவர். பாதி தூரம் ஓடிவந்த அவர், ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடப்பார். ஜெயித்தால் பிரச்னை இல்லை. தோற்றால் டீக்கடையில் ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடக்கும். "அந்த சிங்கிள எடுத்திருக்கலாம்ல?"

தாம்பரத்தில் இருந்து ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில்தான் சேப்பாக்கம் இருக்கிறது. 1986 செப்டம்பர் 22-ம் தேதி மாலை அங்கே இதே கேள்வி ஒரு டெஸ்ட் போட்டியின் முடிவையே தீர்மானித்தது.

அன்றைக்கு என்ன நடந்தது?

இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348 ரன். கவாஸ்கர் 90 ரன் எடுத்துக் கொடுத்த அடித்தளத்தில் இந்தியா விரட்டிக்கொண்டே வந்தது. ஆனால் கடைசி நேரத்தில் விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்தன. 344 ரன்னில் ஒன்பதாவது விக்கெட்டாக சிவ்லால் யாதவ் போல்டு. கடைசி ஆளாக மணிந்தர் சிங் வந்தார்.

மணிந்தர் அருமையான இடதுகை சுழற்பந்து வீச்சாளர். பேட்டிங் கதை வேறு. 35 டெஸ்ட் ஆடி, மொத்தமாக அவர் எடுத்த ரன் 99. மறுமுனையில் நின்ற ரவி சாஸ்திரியோ சரியான அதிரடியில் இருந்தார். அந்த இன்னிங்ஸில் அவர் 40 பந்தில் ஆட்டமிழக்காமல் 48 ரன் எடுத்தார்.

கடைசி ஓவர். பந்து வீச வந்தவர் கிரெக் மேத்யூஸ். தேவை 4 ரன். ஸ்ட்ரைக்கில் சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவது பந்தில் இரண்டு ரன் வந்தது. ஸ்கோர் 346. இன்னும் நான்கு பந்து, இரண்டு ரன்.

மூன்றாவது பந்தை சாஸ்திரி லெக் சைடில் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். ஸ்கோர் சமம். ஆனால் ஸ்ட்ரைக் மணிந்தரிடம் போய்விட்டது. நான்காவது பந்தை மணிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம்ராஜுவின் விரல் மேலே போனது. மேட்ச் 'டை'. 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததற்குப் பிறகு, டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. இன்றுவரை மூன்றாவது வரவில்லை.

பந்து முதலில் பேட்டில் பட்டது என்பதுதான் மணிந்தர் தரப்பு. அது தனிப் பஞ்சாயத்து. இன்றைக்கு இருப்பதுபோல டிஆர்எஸ் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நம் கேள்வி அதற்கு இரண்டு பந்து முன்னால் இருக்கிறது. சாஸ்திரி அந்த சிங்கிளை எடுத்தது சரியா?

'நாலு பந்து இருந்துச்சே, அவரே அடிச்சிருக்கலாமே'

பல வருஷமாகச் சொல்லப்படும் விமர்சனம் இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

346-ல் நிற்கும்போது சாஸ்திரி சிங்கிளை மறுத்து, அடுத்த பந்தில் அவுட் ஆகியிருந்தால் இந்தியா ஒரு ரன்னில் தோற்றிருக்கும். சிங்கிள் எடுத்து 347 ஆன பிறகு மீதி மூன்று பந்தில் என்னென்ன நடக்கலாம்? மணிந்தர் ஒரு ரன் எடுத்தால் வெற்றி. அவுட் ஆனால் டை. மூன்று பந்தையும் தடுத்துவிட்டால் டிரா. ஆமாம், ஸ்கோர் சமமாக இருந்தும் கையில் விக்கெட் இருந்தால் டெஸ்டில் அது டை கிடையாது, டிராதான். மூன்றில் எதிலுமே தோல்வி இல்லை. அந்த ஒரு ரன், 'தோல்வி' என்ற வாய்ப்பையே மேஜையில் இருந்து எடுத்துவிட்டது. சாஸ்திரியும் பின்னாளில் இதே காரணத்தைத்தான் சொன்னார்.

ஆக, அவர் மணிந்தரை நம்பி எடுத்த ரன் அல்ல அது. மணிந்தர் அவுட் ஆனாலும் பரவாயில்லை என்ற நிலைமையை முதலில் உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவரிடம் ஸ்ட்ரைக்கைக் கொடுத்தார். டெயிலெண்டரை மறைப்பதா வேண்டாமா என்ற சண்டையில் பலர் விட்டுவிடும் இடம் இதுதான். 'அவன் ஆடுவானா' என்பது பாதிக் கேள்வி. 'அவன் அவுட் ஆனால் நமக்கு என்ன ஆகும்' என்பது மீதி.

ஸ்ட்ரைக்கை மறைப்பது எப்படி?

ஒரு ஓவருக்கு ஆறு பந்து. நல்ல பேட்ஸ்மேன் கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்தால் அடுத்த ஓவரும் அவருக்கே. ஐந்தாவது பந்தில் எடுத்தால் டெயிலெண்டர் ஒரே ஒரு பந்தைச் சமாளித்தால் போதும், அடுத்த ஓவர் மறுபடி இவருக்கு. நான்காவதில் எடுத்தால் இரண்டு பந்து. அவ்வளவுதான் சூத்திரம்.

மோசமானது எது தெரியுமா? ஓவர் முழுக்க சிங்கிளே எடுக்காமல் விடுவது. முதல் நான்கு பந்தில் வந்த ரன்னை எல்லாம் 'வேண்டாம்' என்று மறுத்துவிட்டு, கடைசிப் பந்தில் கிடைக்கும் என்று நம்பி, அதுவும் கிடைக்காமல் போனால் அடுத்த ஓவரின் ஆறு பந்தும் டெயிலெண்டர் தலையில். ரன்னும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

எதிரணி கேப்டன் குறிவைப்பதும் அதையேதான். முதல் நான்கு பந்துக்கு பீல்டர்களை பவுண்டரிக்கு அனுப்பி, "சிங்கிள் எடுத்துக்கோ" என்று அழைப்பார். கடைசி இரண்டு பந்துக்கு அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டு சிங்கிளை அடைப்பார். டிவியில் பார்க்கும்போது ஐந்தாவது பந்துக்கு முன் பீல்டிங் மாறுகிறதா என்று கவனித்தால், மேட்சுக்குள் நடக்கும் இன்னொரு மேட்ச் புரியும்.

மறைத்து ஜெயித்தவர்கள்

2019 பிப்ரவரி, டர்பன். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இலங்கைக்கு இலக்கு 304. ஒன்பது விக்கெட் போனபோது ஸ்கோர் 226. குசல் பெரேராவும் கடைசி ஆள் விஷ்வா பெர்னாண்டோவும் சேர்ந்து பிரியாமல் 78 ரன் எடுத்தார்கள். பெரேரா 153 நாட் அவுட். விஷ்வா 27 பந்தில் 6 ரன். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெடிங்லியில் பென் ஸ்டோக்ஸ், ஜாக் லீச் ஜோடி கடைசி விக்கெட்டுக்கு 76 ரன் சேர்த்து ஆஸ்திரேலியாவைச் சாய்த்தது. அதில் லீச் பங்கு 17 பந்து, ஒரே ஒரு ரன். இன்றைக்கும் கிரிக்கெட்டில் அதிகம் பேசப்படும் ஒற்றை ரன் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டையும் காட்டி 'மறைத்து ஆடுவதே வழி' என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டிலும் ஒரு விஷயம் பொது. ஸ்டோக்ஸும் பெரேராவும் நினைத்த நேரத்தில் சிக்ஸர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுக்கும் ஒவ்வொரு சிங்கிளுக்கும் ஈடாக பவுண்டரி வந்துகொண்டிருந்தது. அது வராத நாளில் இந்தத் திட்டம் வெறும் தாமதம்.

2025 ஆகஸ்டில் ஓவலில் இங்கிலாந்துக்கு நடந்தது அதுதான். தோள்பட்டை விலகிய கிறிஸ் வோக்ஸ், ஒரு கையைக் கட்டுப்போட்டுக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினார். அவரை மறைப்பதைத் தவிர கஸ் அட்கின்சனுக்கு வேறு வழியே இல்லை. வோக்ஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. ஆனால் அட்கின்சன் பெரிய ஷாட்டுக்குத்தான் போவார் என்பது இந்தியாவுக்கும் தெரியும். சிராஜ் பந்தில் அவர் போல்டு. இந்தியா 6 ரன்னில் வெற்றி.

லார்ட்ஸில் ஜடேஜா: யார் தப்பு?

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஜூலை 14. லார்ட்ஸில் இந்தியாவுக்கு இலக்கு 193. 112 ரன்னுக்கு எட்டு விக்கெட். ஜடேஜா ஒருபக்கம் நின்றார். பும்ரா 54 பந்து தாங்கினார், 5 ரன். சிராஜ் 30 பந்து, 4 ரன். கடைசியில் சிராஜ் தடுத்த பந்து உருண்டுபோய் ஸ்டம்பில் பட்டு பெயில்ஸ் விழுந்தது. 22 ரன்னில் தோல்வி. ஜடேஜா 61 நாட் அவுட்.

'ஜடேஜா அடித்து ஆடியிருக்க வேண்டும்' என்று ஒரு கூட்டம். 'அவர் இல்லாவிட்டால் 120-லேயே முடிந்திருக்கும்' என்று இன்னொரு கூட்டம். இதில் இரண்டாவது கூட்டத்தின் பக்கம்தான் நியாயம் அதிகம். பும்ராவும் சிராஜும் 84 பந்து ஆடியிருக்கிறார்கள் என்றால், ஜடேஜா அவர்களை ஒளித்து வைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஓவரில் சில பந்துகளை அவர்களிடம் விட்டார், அவர்களும் தாங்கினார்கள். ஒன்பதாவது விக்கெட்டுக்கு 35, பத்தாவதுக்கு 23. திட்டம் கிட்டத்தட்ட வேலை செய்தது. இன்னும் இரண்டு பவுண்டரி முன்கூட்டியே வந்திருக்கலாம் என்பது வேண்டுமானால் உண்மை.

நம்பினால் என்ன ஆகும்?

அதே லார்ட்ஸ், 2021 ஆகஸ்ட். மறுமுனையில் பெரிய பேட்ஸ்மேன் யாருமே இல்லை. ஷமி 56, பும்ரா 34. ஒன்பதாவது விக்கெட்டுக்குப் பிரியாமல் 89 ரன். அந்த டெஸ்டை இந்தியா ஜெயித்தது. 2010-ல் மொஹாலியில் முதுகு வலியோடு ஆடிய லக்ஷ்மண், இஷாந்த் சர்மாவை ஆடவிட்டு ஆடினார். இஷாந்த் எடுத்தது 31 ரன். ஒரு விக்கெட்டில் வெற்றி. சாது என்று பேர் எடுத்த லக்ஷ்மண், அன்றைக்கு ரன் ஓடத் தயங்கிய பிரக்யான் ஓஜாவைப் பார்த்துக் கத்தியதும் அதே மேட்சில்தான்.

நம்ம சேப்பாக்கத்திலேயே 2021 பிப்ரவரியில் ஒரு சாட்சி இருக்கிறது. இங்கிலாந்துக்கு எதிராக அஸ்வின் சதத்தை நெருங்கும்போது கூட இருந்தது கடைசி ஆள் சிராஜ். இருவரும் சேர்த்தது 49 ரன். சிராஜ் தன் பங்குக்கு இரண்டு சிக்ஸர். அஸ்வின் சதம் அடித்தபோது அவரைவிட அதிகமாகக் குதித்தது சிராஜ்தான்.

டி20-ல் கணக்கே வேறு

2019-ல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிரான டி20. கடைசி ஓவரில் 16 ரன் தேவை. தமிழ்நாட்டு வீரர் தினேஷ் கார்த்திக் ஒரு சிங்கிளை மறுத்து குர்னால் பாண்டியாவைத் திருப்பி அனுப்பினார். இந்தியா 4 ரன்னில் தோற்றது. 2024 மே 1, சேப்பாக்கம். பஞ்சாப்புக்கு எதிராக தோனி சிங்கிளை மறுத்தார். டேரில் மிட்செல் இந்த முனைவரை ஓடிவந்துவிட்டு மறுபடி அந்த முனைக்கே ஓடினார். பிறகு தோனி ஒரு சிக்ஸர் அடித்தது கேலரிக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் குர்னாலும் மிட்செலும் டெயிலெண்டர்களா? இல்லவே இல்லை. பேட் பிடிக்கத் தெரிந்தவருக்கு சிங்கிள் மறுப்பதை 'மறைப்பது' என்ற கணக்கில் சேர்க்க முடியாது. அது தன் மேல் உள்ள நம்பிக்கை, அவ்வளவுதான்.

விதி மாறிவிட்டது, தெரியுமா?

முன்பெல்லாம் கேட்ச் பிடிப்பதற்குள் இரண்டு பேட்ஸ்மேன்களும் ஒருவரையொருவர் கடந்துவிட்டால், அடுத்த பந்தை நிலைத்து நிற்பவர் சந்திக்கலாம். புதிதாக வரும் 11-ம் எண் ஆள் தப்பிப்பார். 2022 அக்டோபர் 1 முதல் அது கிடையாது. கேட்ச் ஆனால், ஓவர் முடியாதபட்சத்தில், புதிதாக வருபவர்தான் ஸ்ட்ரைக்.

இன்னொரு தந்திரத்துக்கும் பூட்டு விழுந்தது. ஸ்ட்ரைக்கை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றே கிரீஸைத் தொடாமல் திரும்பி ஓடினால் 5 ரன் அபராதம். 2025-ல் வந்த ஐசிசி மாற்றத்தின்படி, அடுத்த பந்தை யார் சந்திக்க வேண்டும் என்பதையும் பீல்டிங் அணியே முடிவு செய்யும்.

அப்போ சிங்கிள் எடுக்கலாமா, கூடாதா?

ஓவரின் முதல் பாதியில் கடைசி ஆளிடம் ஸ்ட்ரைக் கொடுப்பது, அதுவும் வேகத்தில் யார்க்கர் போடுபவருக்கு எதிராகக் கொடுப்பது ஆபத்து. நான்காவது பந்துக்குப் பிறகு கிடைக்கும் சிங்கிளை மறுப்பதில் பெரும்பாலும் லாபம் இல்லை. அந்த ஒரு ரன்னில் ஸ்கோர் சமமாகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓட வேண்டியதுதான்.

முடிச்சூர் மைதானத்து எட்டு ஓவர் மேட்சில் இவ்வளவு கணக்குப் போட யாருக்கும் நேரம் இருக்காது. அங்கே கடைசி ஆள் பெரும்பாலும் அன்றைக்கு நான்கு விக்கெட் எடுத்துக் கொடுத்த பவுலராக இருப்பார். மணிந்தரும் அப்படிப்பட்டவர்தான். அடுத்த ஆண்டே, 1987-ல் பெங்களூருவில் பாகிஸ்தானுக்கு எதிராக 27 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஆனால் அவர் பேரைச் சொன்னால் இன்றைக்கும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது, சேப்பாக்கத்தில் காலில் பட்ட அந்தப் பந்துதான்.