பச்சைப் புள்ளியின் கதை

2005-ல் எனக்குக் கான்பூருக்கு மாற்றல். கூட வந்த அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்து தெரியாது. ஆனாலும் ஒரே மாதத்தில் தனியாகக் கடைக்குப் போய் பிஸ்கட் வாங்க ஆரம்பித்துவிட்டார். முட்டை கலந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் என்றால், "அதான் பச்சைப் புள்ளி இருக்கேடா!" என்றார்.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது 1954-ல், விதிகள் 1955-ல். பாக்கெட்டின் மேல் என்ன அச்சிட வேண்டும் என்று சொன்னவை அந்த விதிகள்தான். எந்த மொழியில்? ஆங்கிலத்தில், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில். மற்ற மொழிகளைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயம் கிடையாது. ஆக, அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்தத் தகவலெல்லாம் வெறும் கோடுகள்தான்.

2001 ஏப்ரலில் முதலில் அசைவத்துக்குக் குறி வந்தது: பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு வட்டம். சைவத்துக்கான பச்சை வட்டத்துக்கு அந்த டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2002 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. முட்டை அசைவம், பாலும் பால் பொருட்களும் சைவம் என்று விதியே வரையறுத்துவிட்டது. எங்கள் வீட்டு அடுப்படிச் சட்டமும் அதேதான் :)

படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய ஒரே விஷயம் அந்தப் புள்ளி. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன், 2008-ல் மாமா ஊரிலிருந்து வரும்வரை.

மாமா, அம்மாவின் தம்பி. அன்று கடைக்குப் போய் ஒரு கேக் பாக்கெட் வாங்கி வந்தார். சாயங்காலம் நான் பேங்கிலிருந்து வந்தபோது அம்மா பாதி சாப்பிட்டிருந்தார். பாக்கெட்டில் பழுப்பு வட்டம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மாமா பார்க்காமல் வாங்கவில்லை, பார்த்துத்தான் வாங்கினார். இளவயதில் ரயில்வே வேலைக்கான கண் பரிசோதனையில் தேறாதவர் அவர். சிவப்பும் பச்சையும் பழுப்பும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டு குறிக்கும் ஒரே வடிவம், நிறம் மட்டுமே வித்தியாசம். அவர் என்ன செய்வார்?

இது சரியாக ரொம்ப வருஷம் ஆனது. 2006-ல் புது உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2011-ல் புது லேபிள் விதிகள் வந்தன. வட்டம் வட்டமாகவே இருந்தது. 2020 விதிகளில்தான் அசைவக் குறி முக்கோணமானது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகத்தான் இந்த மாற்றம்.

புள்ளி சொல்லாதது இன்னொன்றும் உண்டு. சேர்மானங்களில் 631 என்று ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு சுவைகூட்டி. இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், தாவரத்திலிருந்தும் செய்யலாம். எண்ணை மட்டும் போட்டால் எதிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? விலங்கிலிருந்து வந்தது துளி இருந்தாலும் அது அசைவம்தான், மூலத்தைச் சொல்லியாக வேண்டும் என்று 2021 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

யாராவது கேட்டால்தான் லேபிளில் ஒரு வரி கூடுகிறது. 1955-லிருந்து கதை இதுதான்.

போன தீபாவளிக்கு மாமா மறுபடி வந்தார். கடையிலிருந்து வந்தவர் பாக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார்: "முக்கோணம் இல்லக்கா. தைரியமா சாப்பிடு."