ஒட்டுப் போட்ட புத்தகம்

"முரக்கா" என்று ஒரு சொல். அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, மொகலாயர்களுடன் நம் தேசத்துக்கு வந்து சேர்ந்தது. "ஒட்டுப் போட்டது" என்பது அதன் பொருள். சூபி ஞானிகள் பல கந்தல் துணிகளைச் சேர்த்துத் தைத்த அங்கி ஒன்றை உடுத்துவார்கள். அந்த அங்கிக்கும் இதுதான் பெயர். பிற்காலத்தில் பாரசீகத்து மன்னர்கள் அங்கும் இங்கும் கிடைத்த சித்திரங்களையும் அழகான எழுத்துத் துண்டுகளையும் கத்தரித்து ஒட்டிப் புத்தகமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் புத்தகத்துக்கும் முரக்கா என்றே பெயர் வந்துவிட்டது. பொன்னும் நீலமும் கொட்டி இழைத்த ராஜாங்கப் புத்தகத்துக்குப் பக்கிரியின் கந்தல் அங்கியின் பெயர்! பெயர் வைத்தவர் யாராயிருந்தாலும் நல்ல ரசிகர்.

கத்தரித்து ஒட்டுவது என்பது நமக்கும் புதிதல்ல. 1950-ம் ஆண்டிலிருந்து 1954 வரையில் "பொன்னியின் செல்வன்" வாரந்தோறும் வந்துகொண்டிருந்தபோது, அந்தப் பக்கங்களை மணியம் அவர்களின் சித்திரங்களுடன் கிழியாமல் எடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. பத்திரிகைக்காரர்கள் நினைத்தே பார்க்காத ஓர் அட்டை, ஓர் ஒழுங்கு, முதல் பக்கத்தில் வீட்டுப் பெரியவரின் கையெழுத்து, எல்லாம் அந்தப் புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் நான் இங்கே சொல்லப் போவது வேறொரு புத்தகத்தைப் பற்றி. அதற்கும் முதலில் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். அந்தக் கையெழுத்துக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் கதை.

கதைக்குப் போகுமுன் ஒரு முரக்காவின் ஒற்றைப் பக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு வேண்டியிருந்த பொறுமையில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

முதலில் நடுவில் வைக்க ஒரு பொருள் வேண்டும். அது ஒரு சித்திரமாக இருக்கலாம். அல்லது பெயர்பெற்ற எழுத்தாளர் ஒருவரின் கைவரிசையாக இருக்கலாம். எழுத்தாளர் என்றால் என்னைப் போல் கதை எழுதிப் பிழைப்பவர் அல்ல. எழுத்தின் வடிவத்தையே கலையாகக் கொண்டவர். ஹீராத் நகரத்து மீர் அலி என்பவர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கலையில் ஈடு இணையில்லாதவராக விளங்கினார். உஸ்பெக் படையினர் ஹீராத்தைப் பிடித்தபோது, பொன்னையும் பொருளையும் வாரிக்கொண்டு போனதோடு மீர் அலியையும் புகாராவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்து நன்றாயிருந்ததால் வந்த வினை! அவர் சாய்வாக எழுதிய நாலு வரி உள்ள சிறு தாள்களுக்கு மொகலாய அரண்மனையில் அப்படியொரு மதிப்பு இருந்தது.

ஆனால் அந்தத் தாள்கள் எல்லாம் ஒரே அளவாயிருக்குமா? ஒன்று உள்ளங்கை அகலம் இருக்கும்; இன்னொன்று அதைப்போல் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று வெண்மை, ஒன்று பழுப்பு. சிலவற்றில் ஓரம் கிழிந்திருக்கும். புத்தகத்தின் பக்கங்களோ ஒரே அளவாக இருக்கவேண்டும். பக்கத்தை அமைப்பவனுடைய சாமர்த்தியமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, மெல்லிய அட்டைபோல் ஆக்கிக்கொள்வான். நடுத்தாளைச் சுற்றிக் குறுகலான சட்டம் ஒன்று வைப்பான். அது போதாவிட்டால் அதற்கு வெளியே இன்னொன்று. சில சமயம் வேறொரு பழைய ஏட்டிலிருந்து கவிதை வரிகளை நறுக்கி எடுத்து, அவற்றையே சட்டமாக நான்கு புறமும் ஒட்டிவிடுவதும் உண்டு. அந்தக் கவிதைக்கும் நடுவிலுள்ள சித்திரத்துக்கும் பொருளில் ஒரு சம்பந்தமும் இராது. கண்ணுக்கு இசைந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். கவிகள் கோபித்துக்கொள்ளலாம், என்ன செய்வது?

ஒரு தாளும் இன்னொரு தாளும் சேரும் இடத்தில் மூட்டுத் தெரியும் அல்லவா? அதன்மேல் பொன்னாலும் நீலத்தாலும் சிவப்பாலும் மயிரிழைபோல் கோடுகள் இழுத்து மறைத்துவிடுவார்கள். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று எண்ணுவார்கள். உண்மையில் அது தையலை மறைக்கும் வேலை. இதற்கும் வெளியே அகலமான ஓரம். அதில் பொன்னால் கொடி படரும், அல்லது வண்ணத்தில் பூச்செடிகள் வரிசையாக நிற்கும். கடைசியில் வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஒட்டுப் போட்டது என்று கை வைத்துத் தடவினாலும் தெரியாது.

இத்தனையும் ஒரு பக்கத்துக்கு. பக்கம் தனியாக இருக்கப் போவதில்லையே! புத்தகத்தை விரித்தால் எதிரெதிராக இரண்டு பக்கங்கள் தெரியும். ஆகையால் ஏட்டின் ஒரு புறத்தில் சித்திரமும் மறுபுறத்தில் எழுத்துமாக அமைத்தார்கள். விரித்தால் இரண்டு சித்திரங்கள் ஒன்றையொன்று பார்க்கும். ஏட்டைத் திருப்பினால் இரண்டு எழுத்துப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும். மறுபடியும் சித்திரம். எதற்கு எது ஜோடி என்று தீர்மானிப்பதுதான் மிகவும் கஷ்டமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதையெல்லாம் கை பழகிவிடும். இது மட்டும் மனம் செய்யவேண்டியது.

ஜஹாங்கீர் பாதுஷாவுக்கு இதில் இருந்த மோகம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு சித்திரத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை இன்னொருவரும் எழுதியிருந்தாலும், எது யார் கை என்று தம்மால் சொல்ல முடியும் என்று தம் சுயசரிதத்தில் பெருமை அடித்துக்கொண்டவர் அவர். 1620-ம் ஆண்டு வசந்தத்தில் காஷ்மீரத்துக்குப் போனபோது மன்ஸூர் என்னும் சித்திரக்காரர் நூற்றுக்கு மேற்பட்ட பூக்களை எழுதினார் என்பதையும் அவரே குறித்திருக்கிறார். ஜஹாங்கீருக்காகச் செய்த முரக்காப் பக்கம் ஒன்று இப்போது வாஷிங்டனில் பிரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. நடுவில் எழுத்து, ஓரத்தில் சின்னச் சின்ன மனித உருவங்கள். ஒருவன் காகிதத்துக்கு மெருகு தேய்க்கிறான். ஒருவன் ஏடுகளின் விளிம்பைச் சீவுகிறான். ஒருவன் தோல் அட்டையில் முத்திரை அடிக்கிறான். ஒருவன் பொன்னை உருக்குகிறான். ஒருவன் உட்கார்ந்து எழுதுகிறான். சக்கரவர்த்தியின் புத்தகத்தில் தொழிலாளர்களே தங்களுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டார்கள்!

இனி நம் கதைக்கு வருவோம்.

ஷாஜஹானின் மூத்த குமாரர் தாரா ஷுகோ 1615-ல் பிறந்தவர். பெரியப்பா பர்வீஸின் மகள் நாதிரா பானுவை அவருக்கு நிச்சயித்தவள் தாயார் மும்தாஜ். கல்யாணத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1631-ல் பர்ஹான்பூரில் பிரசவத்தில் காலமானாள். துக்கம் ஓரளவு ஆறியபின், 1633-ல், தாராவின் சகோதரி ஜஹனாரா முன்னின்று அந்த விவாகத்தை நடத்தி வைத்தாள். செலவு 32 லட்சம் ரூபாய். அதில் பாதி ஜஹனாராவின் சொந்தப் பணம்.

தாராவுக்கு எழுத்துக்கலை கற்பித்தவர் அப்துல் ரஷீத் தைலமி. பாரசீகத்துப் பெரிய எழுத்துக் கலைஞர் மீர் இமாதின் மருமகன் முறையுள்ளவர். ஆகவே முரக்காவில் எது நல்ல எழுத்து, எது சுமார் என்று தாரா இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர் சூபி மார்க்கத்தில் ஈடுபட்டவர். லாகூரில் வாழ்ந்த மியான் மீர் என்னும் மகானிடம் பக்தி பூண்டவர். முரக்கா என்ற சொல்லின் இரண்டு அர்த்தமும் அறிந்தவர்.

1640-களில் அவர் ஒரு முரக்காவைச் சேர்த்து மனைவிக்குப் பரிசளித்தார். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஏடுகள். எழுபதுக்குச் சற்றுக் குறைந்த சித்திரங்கள். பெரும்பாலும் 1630-களில் எழுதப்பட்டவை. அதாவது, அவர்களுக்கு மணமான காலத்தையொட்டியவை. யுத்தக் காட்சி இல்லை, தர்பார் இல்லை. இளைஞர்கள் இருக்கிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள், ஞானிகள் இருக்கிறார்கள், பறவைகளும் பூக்களும் ஏராளமாக இருக்கின்றன. எல்லாம் ஜோடி ஜோடியாக எதிரெதிரே. முதலில் தாரா தம் கைப்பட ஒரு வாசகம் எழுதினார். ஷாஜஹானின் மகனாகிய தாரா ஷுகோ, தமக்கு மிகவும் நெருங்கிய உற்ற துணையான நாதிரா பானு பேகத்துக்கு இதைக் கொடுத்தார் என்பது அதன் சாரம்.

பாதுஷா ஆகப்போகிறவர் மனைவிக்கு வைரமும் மரகதமும் கொடுப்பது பெரிய காரியமல்ல. அது கஜானாவிலிருந்து வரும். இந்தப் பறவைக்கு எதிரே எந்தப் பறவையை வைக்கலாம் என்று உட்கார்ந்து யோசிப்பது கஜானாவிலிருந்து வராது. அரண்மனைச் சித்திரச்சாலையின் தலைவர் எவ்வளவோ உதவி செய்திருப்பார் என்றாலும், இப்படிப்பட்ட புத்தகத்தில் கொடுத்தவரின் மனம் கலந்தேயிருக்கும் என்பது என் கட்சி.

1657 செப்டம்பரில் ஷாஜஹான் நோயில் விழுந்தார். அதே ஆண்டில்தான் தாரா உபநிஷதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து முடித்திருந்தார். புத்தகங்களுக்கு நடுவே வாழ்ந்தவரைப் போர்க்களம் அழைத்தது. 1658 மே மாதத்தில் ஆக்ராவுக்கு அருகே சாமுகர் என்னும் இடத்தில் ஔரங்கசீப்பிடம் தோற்றார். அன்றிலிருந்து ஓட்டம்தான்: டில்லி, லாகூர், சிந்து, குஜராத். 1659 மார்ச்சில் அஜ்மீர் அருகே மறுபடியும் ஒரு தோல்வி. நாதிராவும் கூடவே ஓடினாள். பாலைவனத்து வெயிலில், கந்தஹார் வழியாகப் பாரசீகத்துக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்துடன் அவர்கள் போலன் கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஜூன் மாதத்தில், வயிற்றுக் கடுப்பால் அவள் உயிர் பிரிந்தது.

தாரா அப்போது செய்த காரியத்தை அரசியல் அறிந்தவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். மிச்சமிருந்த விசுவாசமுள்ள வீரர்களை மனைவியின் உடலுக்குத் துணையாக அனுப்பி, லாகூரில் மியான் மீரின் தர்காவுக்கு அருகே அடக்கம் செய்யும்படி ஏற்பாடு செய்தார். தாம் மட்டும் சொற்ப ஆட்களுடன் மாலிக் ஜீவன் என்ற தலைவனை நம்பித் தங்கினார். முன்னொரு காலத்தில் ஷாஜஹான் விதித்த மரண தண்டனையிலிருந்து தாராவின் சிபாரிசால் தப்பிப் பிழைத்தவன் அவன். அந்த மாலிக் ஜீவன்தான் அவரைப் பிடித்துக் கொடுத்தான். டில்லி வீதிகளில் அழுக்குப் படிந்த யானைமேல் அவரை ஊர்வலம் விட்டார்கள். 1659 ஆகஸ்டு முடிவில் தலை வாங்கப்பட்டது.

முரக்கா அரண்மனைப் புத்தகசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. தோற்றவனின் பெயர் அதில் இருக்கலாமா? வாசகத்தை அழிக்க வேண்டியதாயிற்று. அழித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஏட்டைக் கிழிக்கவில்லை, கத்தியால் சுரண்டவில்லை. எழுத்தின்மேல் பொன் பூசினார்கள். மூட்டுக்களை மறைக்கக் கோடு இழுத்தார்களே, அதே பொன். அந்தத் தூரிகையைப் பிடித்தவனும் அநேகமாகப் புத்தகம் செய்வோரில் ஒருவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். உத்தரவையும் நிறைவேற்றினான், ஏட்டையும் காப்பாற்றிவிட்டான்.

பிற்காலத்தில் மொகலாய முரக்காக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சூறையாடப்பட்டு எங்கெங்கோ போயின. ஐரோப்பிய வியாபாரிகள் தாள் தாளாகப் பிரித்து விற்றார்கள். ஒருவர் கையிலிருந்த இடப்பக்கம் ஓர் ஊரில், அதன் ஜோடியான வலப்பக்கம் கடல் கடந்து இன்னோர் ஊரில் என்று ஆயிற்று. தாராவின் முரக்கா அந்தக் கதிக்கு ஆளாகவில்லை. சில ஏடுகள் தவறிப் போயிருக்கின்றன என்றாலும், பொன் வேலை செய்த தோல் அட்டைக்குள் பெரும்பகுதி பிரியாமல் இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அதற்கு ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் இருக்கும் அந்தப் பொன் பூச்சு மூன்றரை நூற்றாண்டுகளில் அவ்வளவு கெட்டியாக நிற்கவில்லை. அடியிலிருந்த மை மேலே தெரிகிறது. பாரசீகம் படித்த அறிஞர்கள் வாசகத்தைப் படித்து அச்சிலும் போட்டுவிட்டார்கள். தாராவின் பெயரும் இருக்கிறது. நாதிரா பானு பேகத்தின் பெயரும் இருக்கிறது.