மச்சினன் கையில் கயிறு

1967-ல் கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’ வெளிவந்தது. தூத்துக்குடிக்காரராக வரும் நாகேஷும் மனோரமாவும் முத்துக் குளிக்கக் கூப்பிட்டு ஆடும் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. காதலுக்குத் தோதான அழைப்புதான். ஆனால் தூத்துக்குடிக் கடலில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-ல். பாட்டு வந்தபோது முத்துக்குளிப்பு நின்று ஆறு வருடமாகியிருந்தது.

சலாபம் என்பது முத்துக்குளிக்கும் பருவம். மன்னார் வளைகுடா அமைதியாகக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் தோணிகள் விடியும் முன்பே ‘பார்’களை நோக்கிப் புறப்படும். சிப்பி விளையும் கடலடித் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். எட்டுப் பத்து பாகம் ஆழம். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட்டுக் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளுவார். எல்லாம் சுமார் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மூச்சு முட்டும்போது கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் அந்தச் சுண்டலைக் கவனிக்காவிட்டால் கதை முடிந்தது.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்குக்கூடச் சொத்தில் ஒரு கண் இருக்கலாம். தன் அக்காளோ தங்கையோ தாலி இழப்பதை மச்சினன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது கணக்கு. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொள்ளும். குளியாளிக்கு மிஞ்சிய ஒரு பங்கில் கயிறு பிடித்தவருக்கும் பாத்தியதை உண்டு. ஆக, கல்யாணம் முடிக்கும்போது பெண்ணோடு சேர்த்து உயிர்க்காவலையும் தொழில் கூட்டாளியையும் ஒரு குடும்பம் சம்பாதித்துக்கொண்டது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இதே கரையில் இருந்த கொற்கைத் துறையின் முத்தைத் தண்டனைக் கைதிகளைக் கொண்டு எடுத்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளுஸ்’ குறிப்பிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்கடல் உரிமைக்காக, முத்துக்குளிக்கும் கரைச் சமூகமான பரதவர்கள் போர்த்துக்கீசியரின் துணையை நாடி, 1530-களில் ஊர் ஊராகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் இங்கே வந்தார். 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. பிறகு ஆங்கிலேயர் கைக்கு. ஆட்சி மாறினாலும் கடலில் இறங்கியது அதே குடும்பங்கள்தான்.

கடலோ நினைத்தபோது கொடுக்கும், நினைத்தபோது கைவிரிக்கும். 1928-க்குப் பிறகு 1955 வரை சலாபமே இல்லை. அப்பன் குளித்ததைக் கேள்விப்பட்ட மகன், தானே நடுவயதை எட்டிய பிறகுதான் பாரில் இறங்க முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் சங்கு குளித்தலும் மீன்பாடும் தோணி வேலையும் அடுப்பெரிய வைத்தன. 1955 முதல் ஆண்டுதோறும் சலாபம் நடந்தபோது பிழைப்பு மறுபடி தளிர்த்தது. 1961-க்குப் பிறகு பார்கள் சலாபத்துக்குத் தேறவில்லை.

சினிமா இந்தக் கரைக்குப் பின்னாளிலும் வந்தது. மணிரத்னம் இயக்கத்தில், ஜெயமோகன் எழுத்தில் 2013-ல் வெளியான ‘கடல்’ படத்தில் இக்கரையிலுள்ள மணப்பாட்டின் மணல்மேடும் தேவாலயமும் இடம்பெற்றன. தாயை இழந்து தெருவில் கிடக்கும் தாமஸைச் சாம் பாதிரியார் கைதூக்கி விடுகிறார். அவன் நேசிக்கும் பியாட்ரிஸோ பாதிரியாரின் பகையாளி பெற்ற மகள். அறிமுக நாயகன் கௌதம், நடிகர் கார்த்திக்கின் மகன். நாயகி துளசி, ராதாவின் மகள். 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் கார்த்திக்கும் ராதாவும் ஜோடியாக அறிமுகமானதும் ஒரு கடலோரக் காதல் கதையில்தான்.

சினிமா காதலைச் சொன்னது; கரைக் குடும்பங்களின் பிழைப்பை விரிவாகச் சொன்னது நாவல்தான். உவரியில் பிறந்து கப்பல் துறையில் பணியாற்றிய ஜோ டி குருஸ் எழுதிய ‘கொற்கை’, தூத்துக்குடித் தோணி முதலாளிகளும் தொழிலாளிகளும் எழுந்து விழுந்த கதை. ‘கடல்’ வந்த அதே 2013-ல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அந்தத் தோணிகளின் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974-ல். அதற்கு முந்தைய ஆண்டே, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இதே ஊரில் சிப்பிக்குள் செயற்கையாக முத்தை விளைவித்துக் காட்டிவிட்டார்கள். சிப்பிகள் கூண்டுகளில் மிதவைகளிலிருந்து தொங்கின. மூச்சடக்கி இறங்கும் குளியாளிக்கும், மேலே கயிறு பிடிக்கும் மச்சினனுக்கும் அந்த முறையில் வேலை இல்லை.